மேருவும் கடுகும்

நம்பிக்கை: இன்றைய விஞ்ஞானம் சொல்லும் அணுவைக் பழங்காலத் தத்துவ ஞானி கணாதர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்.

உண்மை: பெயர்தான் ஒன்று. கணாதரின் தத்துவமான வைசேடிகம் பரமாணு என்று சொல்லும் அணு மேற்கொண்டு பிளக்கவே முடியாதது. பாடப்புத்தகத்து அணு பிளவுபடும். அதற்குள் எலெக்ட்ரான் இருப்பதை ஜே.ஜே. தாம்சன் 1897இல் காட்டினார். கணாதர் மரபில் நிலம், நீர், தீ, காற்று என்று பரமாணு நான்கே வகை. நில அணுவுக்கு மணம் உண்டு, தீ அணுவுக்கு நிறமும் சூடும் உண்டு. ஹைட்ரஜனையும் இரும்பையும் அங்கே தேடுவது வீண்.

மேடைகளில் இந்தப் பெருமையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த மரபினரின் உண்மையான சாதனை பேச்சிலேயே வராது. எந்தப் பொருளையும் முடிவில்லாமல் பிளக்கலாம் என்றால், மேரு மலையிலும் எண்ணற்ற துண்டுகள், கடுகிலும் எண்ணற்ற துண்டுகள். பிறகு மலை எப்படிப் பெரிது, கடுகு எப்படிச் சிறிது? ஆகவே பிளப்பது ஓரிடத்தில் நின்றாக வேண்டும் என்றார்கள். கையில் கருவி ஏதுமில்லை. வாதம் ஒன்றைப் பிடித்துக்கொண்டே அவ்வளவு தூரம் போனார்கள்.

அதோடு நிற்கவும் இல்லை. இரண்டு பரமாணு சேர்ந்தால் துவியணுகம், மூன்று துவியணுகம் சேர்ந்தால் திரியணுகம். பலகணி வழியே விழும் வெயிலில் தூசி மிதக்கிறதே, அதுதான் திரியணுகம். அப்படியானால் ஒரு தூசிக்கு ஆறே பரமாணு! இன்றைய கணக்கில் அதில் கோடானுகோடி அணுக்கள். அளவில் வெகுதூரம் தவறினார்கள். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாததில் தொடங்கித் தெரிவதுவரை படிப்படியாகக் கணக்குச் சொல்லத் துணிந்தார்களே, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம்பிக்கை: ஐம்பூதங்களும் அணுக்களால் ஆனவை.

உண்மை: வைசேடிகத்தில் ஆகாயத்துக்கு அணு கிடையாது. அது ஒன்றே, எங்கும் நிறைந்தது.

நம்பிக்கை: இந்த ஆராய்ச்சியெல்லாம் வடமொழி நூல்களில் மட்டும்தான்.

உண்மை: மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையைப் புரட்டிப் பாருங்கள். வஞ்சி நகரில் ஆசீவக சமயத்தவர் ஒருவரிடம் அவருடைய கொள்கையைக் கதைத்தலைவி மணிமேகலை கேட்கிறாள். நிலம், நீர், தீ, காற்று என்னும் நால்வகை அணுவோடு உயிரையும் சேர்த்துப் பொருள் ஐந்து என்கிறார் அவர். அணுக்கள் புதிதாகப் பிறப்பதில்லை, அழிவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று புகுவதில்லை. தெய்வக் கண் உடையவருக்குத் தனி அணு தெரியும். மற்றவர்களுக்கு அவை திரண்டால்தான் தெரியும். அந்தி மங்கலில் ஒற்றை மயிர் தெரியாமல், கற்றையாக இருந்தால் மட்டும் தெரிவதைப் போல.