வேலையை விடாம படிக்க அரசாங்கக் காசு கிடைக்குமா?

ஊத்தங்கரைன்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகம் வர்றது ப்ளஸ் டூ ரேங்க்தான். 2014லயும் 2016லயும் மாநில முதலிடம் இந்த ஊர்ப் பள்ளிக்குப் போச்சு. (2017ல ரேங்க் அறிவிக்கிறதையே அரசு நிறுத்திடுச்சு. அது தனிக்கதை.) அதே ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் விடியற்காலையில நின்னு பாருங்க. போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர்னு கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கிறவங்க நிறைய பேர் பத்தாவதோ ப்ளஸ் டூவோ முடிச்சு அப்படியே நின்னுபோனவங்க. உங்க வீட்லயே ஒருத்தர் இருப்பாங்க. நீங்க பி.இ. சேரணும்னு தான் படிப்பை விட்ட அக்காவா இருக்கலாம், லைன்ல நிக்கிற அண்ணனா இருக்கலாம்.

அவங்க இப்போ திரும்பப் படிக்கணும்னா அரசாங்கம் என்ன தரும்? இதை ஒரு பாடமாவே எடுத்துப் பார்ப்போம்.

முதல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ரெண்டு திட்டம். 2022 செப்டம்பர் 5ல தொடங்கின புதுமைப்பெண், 2024 ஆகஸ்ட் 9ல தொடங்கின தமிழ்ப் புதல்வன். ரெண்டிலும் மாசம் 1,000 ரூபாய் நேரா பேங்க் கணக்குக்கு வரும். டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதுல இருந்தாலும் உண்டு. உங்க வகுப்புலயே பாதிப் பேர் வாங்கிட்டு இருப்பீங்க. ஆனா நிபந்தனையைக் கவனிங்க. ஆறாவதுல இருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும் (அரசு உதவிபெறும் பள்ளி தமிழ்வழி மாணவர்களையும் பிறகு சேர்த்தாங்க). தொலைதூரக் கல்விக்குக் கிடையாது.

நம்ம எல்லைப் பக்கத்துல இந்த ரெண்டு நிபந்தனையுமே ஆளைத் தள்ளிவிடும். அப்பா அம்மா பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போனப்போ கூடவே போய், ஏழாவது எட்டாவதை அங்க படிச்சுட்டு வந்த பொண்ணுக்கு முதல் நிபந்தனை இடிக்கும். ஷிஃப்ட் வேலை பார்த்துக்கிட்டே தபால்ல பி.காம். படிக்கிறவருக்கு ரெண்டாவது.

அடுத்தது அரசு ஐ.டி.ஐ. உண்மையிலேயே வயசானவங்களுக்கும் திறந்திருக்கிற கதவு இது. ஆண்களுக்கு 40 வயசு வரை, பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. கட்டணம் இல்லை. மாசம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. டாடா டெக்னாலஜிஸோட சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை ரோபாட்டிக்ஸ், சி.என்.சி.ன்னு புதுப்பிச்சிருக்காங்க. பழைய லேத் மட்டும் இருந்த காலம் போயிடுச்சு.

அப்புறம் ஏன் 30 வயசுக்காரங்க அங்க வந்து குவியலை? கணக்கு போடுங்க. ஒருத்தருக்கு மாசச் சம்பளம் 15,000ன்னு வச்சுக்குவோம். வகுப்பு பகல் நேரம், அதனால வேலையை விடணும். ரெண்டு வருஷத்துல போற சம்பளம் 3,60,000. ஐ.டி.ஐ. உதவித்தொகை 750, தமிழ்ப் புதல்வன் 1,000, ரெண்டும் கிடைச்சாலும் 24 மாசத்துக்கு 42,000. மிச்சம் 3,18,000 துண்டு விழுது. கட்டணம் பூஜ்யம்தான், ஆனா படிப்போட விலை மூணு லட்சத்துக்கு மேல! நம்ம திட்டங்கள் எல்லாம் ப்ளஸ் டூ முடிச்ச கையோட வர்ற 17 வயசுப் பிள்ளைக்காகப் போட்டது. அந்தப் பிள்ளைக்குச் சம்பளம்னு ஒண்ணு இல்லை, அதனால இழப்பும் இல்லை. நலவாரியத்தையே பாருங்க: கட்டடத் தொழிலாளி அட்டை வச்சிருந்தா கல்வி உதவி அவர் பிள்ளைக்கு வரும். அவரே படிக்கணும்னா?

வேற இடத்துல எப்படின்னு ஒரு எட்டு பார்த்துட்டு வருவோம். அமெரிக்காவுல டென்னசி மாநிலம் 2018ல, டிகிரி இல்லாத பெரியவங்களுக்குன்னே ஒரு நிதி தொடங்குச்சு. மத்த உதவி எல்லாம் போக மிச்சமிருக்கிற கல்லூரிக் கட்டணத்தை அரசு கட்டிடும். முழுநேரம் படிக்கணும்னு கட்டாயம் இல்லை, பாதி நேரம் படிச்சாலும் கணக்குல வரும். சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேல போய் சம்பளத்துலயே கை வச்சது. 2025ல இருந்து, 40 வயசு தாண்டினவங்க குறிப்பிட்ட முழுநேரப் படிப்புல சேர்ந்தா அவங்க சராசரி வருமானத்துல பாதி, அதிகபட்சம் மாசம் 3,000 சிங்கப்பூர் டாலர் தராங்க. நம்ம ஊர்ல அந்த மாதிரி இன்னும் வரலை. 2025ல நான் முதல்வன் கீழ வந்த ‘வெற்றி நிச்சயம்’ கல்லூரிக்கு வெளிய இருக்கிற 18–35 வயசுக்காரங்களுக்குத் திறன் பயிற்சி தருது. திசை சரிதான், ஆனா அது குறுகிய காலப் பயிற்சி.

சரி, இன்னைக்குத் தேதியில வேலையை விடாம என்ன செய்யலாம்? என் கணிப்புல ரொம்பப் பேருக்குத் தெரியாத, ஆனா மலிவான வழி ஒண்ணு இருக்கு: தனித்தேர்வரா அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதுறது. 21 வயசு முடிஞ்சு, அந்தத் தொழில்ல மூணு வருஷம் அனுபவம் இருக்கிறவங்க விண்ணப்பிக்கலாம். முதல்ல ஒரு முதனிலைத் தேர்வு, எழுத்தும் செய்முறையும். அதுல தேறினா அசல் தேர்வு. பாஸ் பண்ணினா தேசிய தொழிற்சான்றிதழ். ஆறு வருஷமா ஃபிட்டர் வேலை பார்த்தும் சம்பளச் சீட்டுல ‘ஹெல்பர்’னே இருக்கிற ஆளுக்கு இதோட மதிப்பு தெரியும். சிக்கல் அனுபவச் சான்றுல வரும். காண்ட்ராக்ட்காரர் மாறிட்டே இருந்தா யார்கிட்ட கேட்கிறது? பி.எஃப். பாஸ்புக்கை ஆன்லைன்ல எடுத்து வையுங்க. எந்த மாசம் எந்த நிறுவனம் பணம் கட்டுச்சுன்னு அதுல இருக்கும், பேச்சு சுலபமாகும். இந்த இடத்துலதான் உங்க உதவி தேவை. அறிவிப்பு வேலைவாய்ப்பு பயிற்சித் துறையில இருந்து வரும், ஆனா லைன்ல நிக்கிறவர் கண்ணுல படாது. செய்முறையில அவர் உங்களுக்குப் பாடம் எடுப்பார். ஒர்க்‌ஷாப் கால்குலேஷனும் டிராயிங்கும் நீங்க அவருக்குச் சொல்லிக்குடுங்க.

மேல ஏறவும் படிக்கட்டு இருக்கு. ரெண்டு வருஷ ஐ.டி.ஐ. முடிச்சா பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம், டிப்ளமோ முடிச்சா பி.இ. ரெண்டாம் வருஷம். பத்தாவது படிச்சு ஐ.டி.ஐ. முடிச்சவர் தமிழ், ஆங்கிலம் தாள்களை மட்டும் எழுதி ப்ளஸ் டூ இணைச்சான்றும் வாங்கலாம். டிப்ளமோ வச்சு வேலை பார்க்கிறவங்களுக்கு சேலம், கோவை அரசுப் பொறியியல் கல்லூரிகள்ல பகுதிநேர பி.இ. நடக்குது. ஓசூர்ல ஷிஃப்ட் முடிச்சு சாயங்காலம் சேலம் வகுப்புக்கு ஓடுறது நடக்கிற காரியமா சொல்லுங்க?

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல சேர்றவங்க வரிசையைத் தவற விடக்கூடாது. 2009ல வந்த அரசாணை 107 சொல்றது: பத்தாவது, ப்ளஸ் டூ, அப்புறம் டிகிரி. பத்தாவது, ப்ளஸ் டூ தாண்டாம நேரா வாங்கின திறந்தநிலை டிகிரி தமிழ்நாட்டு அரசு வேலைக்குச் செல்லாது. அக்காவுக்கு ப்ளஸ் டூவுல ஒரு பேப்பர் போயிருந்தா, தனித்தேர்வரா அதை முதல்ல எழுதச் சொல்லுங்க.

இன்னொண்ணு, கொஞ்சம் சங்கடமானது. முதல் பட்டதாரி சலுகை குடும்பத்துல ஒருத்தருக்குத்தான். அக்கா தபால்ல டிகிரி முடிச்சுட்டா, அடுத்து பி.இ. சேர்ற தம்பிக்கு அந்தச் சான்று கிடைக்காது. தம்பி வாங்கிட்டா அக்காவுக்கு இல்லை. வீட்ல ‘நீ கொஞ்சம் பொறு’ன்னு யார்கிட்ட சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும். நீங்க ஏற்கெனவே அந்தச் சலுகையில சேர்ந்தாச்சுன்னா அக்கா இனிமே காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. அவங்ககிட்ட இதைச் சொன்னீங்களா?

கடைசியா, காலேஜ் ஆபீஸ்ல ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. 2023-24ல இருந்து ஏ.ஐ.சி.டி.இ. வேலை பார்க்கிறவங்களுக்குன்னே, அவங்க நேரத்துக்கு ஏத்த மாதிரி டிப்ளமோ, பி.இ. வகுப்பு நடத்தக் கல்லூரிகளுக்கு அனுமதி தருது. நம்ம லேப் எல்லாம் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பூட்டிடுறாங்க. கம்பெனி வண்டிகள் நம்ம கேட்டைத் தாண்டித்தான் போகுது. விண்ணப்பிச்சிருக்கோமா, இல்லைன்னா ஏன்னு கேளுங்க. பதில் கிடைச்சா இந்த இதழுக்கே எழுதி அனுப்புங்க, அடுத்த மாசம் போடுறோம்.