வழியில் வண்டி நின்றால்... வில்லியனூர், பாகூர் பக்கம் அரைநாளை இனிதாக்க 16 குறிப்புகள்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு வருகிறவர்களும், புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் போகிறவர்களும் எங்கள் கொம்யூன் ஊர்களைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். வண்டி மக்கர் பண்ணினால்தான் கீழே இறங்குகிறார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை வெள்ளம் பாகூர் கிராமங்களைச் சூழ்ந்தது. 2025 ஜனவரி 14, பொங்கலன்று விடியற்காலையில் புதுச்சேரிக்குப் புறப்பட்ட மெமு ரயில் விழுப்புரத்தில் தடம் புரண்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. இவையெல்லாம் எப்போதோ நடப்பவை. டயர் பஞ்சர், தவறிப்போன ரயில், நகராத போக்குவரத்து ஆகியவை அடிக்கடி நடப்பவை. அப்படி நான்கைந்து மணி நேரம் கையில் மிஞ்சினால் ரோட்டோரத்தில் நின்று புழுங்க வேண்டாம். அவசர வேலைகளை வரிசையாக முடித்துவிட்டால், மீதி நேரத்துக்கு எங்கள் ஊர்கள் தாராளமாக இடம் கொடுக்கும்.

முதல் அரை மணி நேரம்

1. வண்டி நின்றதும் கண்டக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: என்ன கோளாறு? மாற்று வண்டி எப்போது? பஞ்சர் என்றால் பக்கத்து டீக்கடையைத் தாண்டிப் போகாதீர்கள். மெக்கானிக் வர வேண்டும் என்றால் இரண்டு மணி நேரமாவது ஆகும். அப்போதுதான் ஊருக்குள் போவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

2. பஸ் டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். அரசு பஸ் பழுதானால், அதே கழகத்தின் அடுத்த பஸ்ஸில் பழைய டிக்கெட்டோடு ஏற்றிவிடச் சொல்லுங்கள். தனியார் பஸ் என்றால் மீதித் தூரத்துக்கான பணத்தை இறங்குவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். வண்டி கண்ணை விட்டு மறைந்த பிறகு கேட்க ஆள் இருக்காது.

3. முன்பதிவு செய்த ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் அதில் போகப் போவதில்லை என்றால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு, நீங்கள் ஏற வேண்டிய நிலையத்திலிருந்து ரயில் கிளம்புவதற்குள், பணத்தைத் திரும்பக் கேட்கும் டி.டி.ஆர். விண்ணப்பத்தை இணையத்தில் பதிந்துவிட வேண்டும். கவுன்ட்டர் டிக்கெட் என்றால் அதற்குள் கவுன்ட்டரில் கொடுத்துவிட வேண்டும். ரயிலே ரத்தானால் இணைய டிக்கெட்டின் பணம் தானாகவே கணக்குக்கு வந்துவிடும். ரயில் எங்கே வருகிறது என்று கேட்க 139.

4. அவசர உதவிக்கு 112. பேசும்போது ஊர்ப் பெயரோடு ‘புதுச்சேரி மாநிலம்’ அல்லது ‘தமிழ்நாடு’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இங்கே இரண்டு மாநிலக் கிராமங்களும் மாறி மாறி வரும். வில்லியனூர் புதுச்சேரி, அதைத் தாண்டினால் வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு, அதற்கும் அப்பால் திருபுவனை மறுபடியும் புதுச்சேரி. பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகையில் முகவரியைப் பார்த்துச் சொன்னால் குழப்பம் வராது.

5. வீட்டுக்கு ஒரு போன் போட்டுத் தகவல் சொல்லிவிட்டு, சார்ஜைச் சேமியுங்கள். மாத்திரை, அடையாள அட்டை, கொஞ்சம் சில்லறை, தண்ணீர் பாட்டில் இவற்றை ஒரு சின்னப் பையில் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியைத் தெரியாத இடத்தில் விட்டுப் போக வேண்டாம். குடும்பமாக வந்திருந்தால் ஒருவர் மூட்டை முடிச்சோடு இருக்க, மற்றவர்கள் மாறி மாறிப் போய்வரலாம்.

6. நேரத்தைப் பார்த்து வரிசையை முடிவு செய்யுங்கள். கோயில் நடை மதியம் சாத்தினால் நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். அதனால் காலையில் நின்றால் கோயில் முதலில், சாப்பாடு பிறகு. மதியம் நின்றால் சாப்பாடு முதலில், ஏரிக்கரை அடுத்து, கோயில் கடைசியில்.

வில்லியனூர் பக்கம் நின்றால்

7. திருக்காமீசுவரர் கோயில் ஊர் நடுவிலேயே இருக்கிறது. அம்மன் கோகிலாம்பாள். சோழர் காலக் கோயில். வைகாசித் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்றும் நிற்கவில்லை. இப்போது துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். தேரன்று வாகனங்களைத் திருப்பிவிடுவார்கள். அந்த நாளில் இந்த வழியாகப் பயணம் என்றால் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டால் நீங்களும் போய் வடத்தில் கை வையுங்கள்.

8. கையில் குழந்தையும் மனதில் படபடப்பும் இருந்தால் லூர்து மாதா திருத்தலத்துக்குப் போங்கள். 1877-இல் எழுந்த ஆலயம் இது. எதிரே படிக்கட்டுகளோடு பெரிய குளம். எந்த மதத்தவரானாலும் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்காருங்கள். குழந்தைகளைக் கீழ்ப்படிக்கு விடாதீர்கள்.

9. வில்லியனூர் சுடுமண் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இந்தக் கலைக்காக வி.கே. முனுசாமி 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். வேலை நடக்கும் பட்டறை கண்ணில் பட்டால், உத்தரவு கேட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள். ஐயனார் குதிரையின் உடம்பு உருளையாக எழும்பி நிற்கும். அதன் மேல் கழுத்து மணியையும் சேணத்தின் பூவேலையையும் பச்சை மண்ணில் கிள்ளிக் கிள்ளி ஒட்டுவார்கள். ஒட்டும் இடத்தை ஈர விரலால் ஒரு முறை தடவி விடுவார்கள்; சூளையில் வெந்த பிறகு அந்த ஒட்டு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

10. மண்பாண்டம் வாங்கினால் விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வந்தால் நன்றாக வெந்தது. ‘டொக்’ என்றால் விரிசல் இருக்கலாம். செய்தித்தாளை உருண்டையாக்கி உள்ளே திணித்து, வெளியே துண்டால் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுபோங்கள். சமையல் சட்டி என்றால் வீட்டில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, சோறு வடித்த கஞ்சியைக் காய்ச்சிப் பழக்கிவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். பேரம் பேசலாம், ஆனால் ஒரு நாள் உழைப்பைப் பத்து ரூபாய்க்குக் கேட்காதீர்கள்.

11. மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தால் ஆட்டோ பேசிக்கொண்டு ஊசுட்டேரிக்குப் போகலாம். புதுச்சேரி வட்டாரத்தின் பெரிய ஏரி இது. புதுச்சேரி அரசு 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் வலசை வந்த பறவைகளைப் பார்க்கலாம். போக, வர, காத்திருக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து வாடகையை முதலிலேயே பேசிவிடுங்கள். பாட்டுச் சத்தம், பிளாஸ்டிக் குப்பை இரண்டும் அங்கே வேண்டாம்.

12. வரலாற்றில் ஆர்வமுள்ள பிள்ளைகள் உடன் இருந்தால் கீழூர் நினைவிடத்தைத் தவறவிடாதீர்கள். 1954 அக்டோபர் 18-இல் இந்தச் சிற்றூரில்தான் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி இந்தியாவோடு இணைய வேண்டும் என்று 170 பேர் சொன்னார்கள். 8 பேர் மறுத்தார்கள். அந்த நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் முடிந்தது. பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாக வந்துபோகும் சங்கதி, நடந்த இடத்தில் நின்று சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது.

பாகூர் பக்கம் நின்றால்

13. கடலூர் சாலையில் கன்னியக்கோயில் அருகே நின்றால், பாகூர் உள்ளே தள்ளி இருக்கிறது. மூலநாதர் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், கன்னரதேவன் என்ற பெயரில் இங்கே கல்வெட்டுகளில் இருக்கிறான். சோழ நாட்டின் வடபகுதி பத்தாம் நூற்றாண்டில் அவன் கைக்குப் போனதற்கு இந்தச் சுவரே சாட்சி. எழுத்துகளின் மேல் விபூதி, எண்ணெய் தடவாதீர்கள். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

14. பாகூர் செப்பேடுகள் பற்றித் தெரிந்துகொண்டு போனால் ஊரைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், இங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் உயர்கல்விக் கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. அந்தக் கல்விக்குச் சோறு போட்ட நிலத்தில் இன்றும் நெல் விளைகிறது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் தென்பெண்ணைத் தண்ணீர்தான் பாகூர் ஏரியை நிரப்புகிறது. சாயங்கால வெயிலில் ஏரிக்கரையில் நடந்து வாருங்கள். வயலுக்குள் இறங்கி வரப்பை மிதித்துப் படம் எடுக்க வேண்டாம்.

கிளம்புவதற்கு முன்

15. மழையால் வண்டி நின்றிருந்தால் மேலே சொன்ன ஊர் சுற்றல் எதுவும் கூடாது. சங்கராபரணியும் தென்பெண்ணையும் மேற்கே பெய்த மழையாலும் அணைத் திறப்பாலும் பெருகும். உள்ளூரில் வெயில் அடித்தாலும் வெள்ளம் வரும். தரைப்பாலத்தில் கணுக்கால் தண்ணீர்தானே என்று இறங்காதீர்கள். மேடான இடத்தில் தங்கி, ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள். இரவாகிவிட்டால் அறை தேடிப் புதுச்சேரி நகருக்குப் போவதே சுலபம். மறுநாள் பகலில் பயணத்தைத் தொடருங்கள்.

16. பயணம் தொடரும்போது புதுச்சேரி மதுவைத் தமிழ்நாட்டுக்குள் எடுத்துப் போகாதீர்கள். எல்லைச் சோதனையில் பிடிபட்டால் வழக்காகும்; அரைநாள் தாமதம் பல நாள் அலைச்சலாகிவிடும். எடுத்துப் போக மண் விளக்கு இருக்கிறது, சட்டி இருக்கிறது. ஆட்டோக்காரரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த முறை வண்டி நிற்கும்வரை காத்திராமல் நீங்களே இறங்கி வரலாம்.