அரசியல் தொடர்பியல் படிக்க விரும்பும் தங்கைக்கு



அரசியல் தொடர்பியல் படிக்க வேண்டும், ஆனால் அப்பாவைக் கடனாளி ஆக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். இரண்டும் நடக்கும். அந்தப் பெயரிலேயே இளங்கலைப் பட்டம் தேடி அலையாமல் இருந்தால் போதும். நம் கல்லூரிகளில் அது தனிப் பாடப்பிரிவாக இருப்பது அரிது.

பி.ஏ. அரசியல் அறிவியல் எடு. எழுதவும் கேமரா பிடிக்கவும் பிறகு கற்றுக்கொள்ளலாம். சட்டமன்றம் எப்படி இயங்குகிறது, நிதிநிலை அறிக்கையை எப்படிப் படிப்பது என்று தெரியாமல் எழுதும் பிரசாரம் வெறும் சத்தம்தான்.

அரசு கலைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் கிடையாது. தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என்று சிறு தொகைதான் கட்ட வேண்டியிருக்கும். சென்னை மாநிலக் கல்லூரியிலேயே இந்தப் படிப்பு உண்டு. நீ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். அதனால் 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

அரசு உதவி பெறும் கல்லூரியில் சேர்வதானால் கவனம் வேண்டும். ஒரே வளாகத்தில் எய்டட் பிரிவும் இருக்கும், செல்ஃப் பைனான்ஸ் (சுயநிதி) பிரிவும் இருக்கும். வாசலில் பெயர்ப்பலகை ஒன்றுதான், கட்டணம் வேறு வேறு. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பெரும்பாலும் செல்ஃப் பைனான்ஸில்தான் இருக்கும். ‘இந்த இடம் எய்டடா?’ என்று அலுவலகத்தில் நேராகக் கேள். முதல் செமஸ்டர் கட்டணத்தை மட்டும் சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள்; மூன்று ஆண்டுக்கும் சேர்த்து, விடுதி, தேர்வு, ஆய்வகம் உட்பட எவ்வளவு என்று எழுதி வாங்கு. நான்கு லட்சம் வரை பிணை இல்லாமல் வங்கியில் கல்விக் கடன் தருவார்கள். இந்தப் பட்டத்துக்கு அதை வாங்காதே. தொடக்கச் சம்பளம் சிறியது. தவணை கட்டுகிற பயத்திலேயே பிடிக்காத கட்சிக்கும் எழுத வேண்டி வரும்.

வேலைக்குப் போக நேர்ந்தால் இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ அஞ்சல் வழியில் படிக்கலாம். அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு யுஜிசி அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

இதழியலை முதுகலையில் வைத்துக்கொள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே துறை இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் (CUET) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

அதுவரை படிக்க நம் மண்ணிலேயே எவ்வளவோ இருக்கிறது, அம்மா! மேடைப் பேச்சும் இதழும் சினிமாவும் சேர்ந்து ஓர் இயக்கத்தை ஆட்சிக்குக் கொண்டுவந்த ஊர் இது. அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் மதுரைக்கு வந்து ஆராய்ந்து, தமிழ் மேடைப் பேச்சைப் பற்றியே ஒரு நூல் எழுதினார், 2009-ல் வெளியானது. அறிஞர் அண்ணா ‘தம்பிக்கு’ எழுதிய கடிதங்களையும் எடுத்துப் படி. மாநில அரசியல் முழுவதையும் வீட்டுப் பேச்சாக மாற்றுகிற வித்தை அதில் தெரியும். சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து படித்தாலும் காசு கேட்க மாட்டார்கள்.

மே 1 அன்று உங்கள் ஊரில் கிராமசபை கூடும். நோட்டோடு போய் உட்கார். வரவு செலவை எப்படி வாசிக்கிறார்கள், எந்தக் கேள்விக்குப் பதில் வருகிறது, எதற்கு வரவில்லை, பெண்கள் பேச எழுந்தால் என்ன நடக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா