வெளியூர்க் கொடைக்குப் பாடப் போகிறவர்களுக்கு

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்களில் கூடிய கூட்டம் கலைந்ததும் தெற்கே கோயில் கொடைக்காலம் சூடு பிடிக்கும். சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி என்று நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி ஊர்களில் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை அம்மனுக்கும் வெள்ளிக்கிழமை சுடலைக்கும் பந்தல் விழும். ஊர்க்காரர்கள் தலைக்கட்டு வரி போட்டுப் பணம் சேர்த்து வெளியூரிலிருந்து வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கணியான் கூத்து எல்லாம் அழைப்பார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டே வில் பழகிய தம்பி தங்கைகளுக்கும் இப்போது அந்த அழைப்பு வருகிறது. எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். பாட்டை நன்றாகத்தான் பழகியிருக்கிறீர்கள். இன்னொரு ஊரின் சாமிக்கு முன்னால் விருந்தாளியாக உட்கார்ந்து பாடுவதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. அச்சாரம் வாங்கும்போதே எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள். வெற்றிலை பாக்கோடு பணம் வைத்தாலும் சரி, கூகுள் பேயில் அனுப்பினாலும் சரி, அன்றைக்கே கேட்க வேண்டும். எந்தச் சாமி, எந்தக் கதை, குடியழைப்பு அன்றைக்கே வர வேண்டுமா, மதியக்கொடைக்கும் பாட்டு உண்டா, சாமக்கொடை எத்தனை மணிக்கு, வேறு எந்தெந்தச் செட்டு வருகிறது? வண்டிச் செலவு யாருடையது, படுக்க இடம் எங்கே, பெண்பிள்ளைகள் உடை மாற்றவும் குளிக்கவும் எந்த வீடு? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர். போய் இறங்கிய பிறகு கோயில் பின்புறத்தில் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிடப் போனில் கேட்பது சுலபம். பேசியதை ஒரு தாளில் எழுதிக் கமிட்டிக்காரர் ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பாக்கிப் பணத்தை வாழி பாடுவதற்கு முன்னால் கேட்பதில் தவறே இல்லை. கொடை முடிந்த மறுநாள் ஊரில் வரி பாக்கி பேச்சுதான் ஓடும். அதில் உங்கள் கூலியும் சிக்கிக்கொள்ளும்.

2. முந்தின நாள் சாயங்காலமே போய்ச் சேருங்கள். பூசாரியையும் வயசானவர்கள் இரண்டு பேரையும் பார்த்து அந்த ஊர்க் கதையைக் கேளுங்கள். சுடலைமாடன் கதை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கலாம். அது உங்கள் ஆசான் ஏட்டில் உள்ள கதை. சாமி கயிலாயத்தில் பிறந்த வரைக்கும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குப் பிறகு அவர் எந்தக் கரை வழியாக வந்தார், எந்த மரத்தடியில் இறங்கினார், யாருடைய கனவில் வந்து நிலையம் கேட்டார் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். ஊர்க்காரர்கள் விடிய விடியக் கண் விழிப்பது அந்தப் பகுதியைக் கேட்கத்தான்.

பீடங்களின் பெயரையும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். அம்மனுக்குப் பக்கத்தில் வைரவர், பேச்சி, மாடன், மூலையில் ஒரு கல்லாக நிற்கும் வாதை வரைக்கும் எழுதுங்கள். காப்புப் பாடும்போது ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தப் பீடத்துக்கு விளக்குப் போடும் குடும்பம் முகம் சுருங்கிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அந்தக் குடும்பத்தின் காதில் ஏறாது.

3. உள்ளூர் மேளக்காரர்களை முதலில் போய்ப் பாருங்கள். கமிட்டித் தலைவரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பார்த்தாலும் நல்லதுதான். பல ஊர்களில் சாமிக்கு முதல் அடி அடிக்கும் உரிமை தலைமுறையாக ஒரு குடும்பத்துக்கு இருக்கும். நோட்டீஸில் அவர்கள் பெயர் இருக்காது. உங்கள் படம் பெரிதாக இருக்கும். அந்த நோட்டீஸை நம்பி முன்னே போய் உட்காராதீர்கள். குடியழைப்புக்கு அவர்கள் அடித்து முடிக்கட்டும். பிறகு நீங்கள் காப்புப் பாடுங்கள்.

நாதஸ்வரமும் தவிலும் பம்பையும் எழுந்தால் வில்லின் மணிச்சத்தமும் குடமும் அமுங்கிப்போகும். அதில் போட்டி போட்டு ஜெயிக்க முடியாது, ஜெயிக்கவும் கூடாது. எந்த இடத்தில் அவர்கள் எடுப்பது, எந்த இடத்தில் நீங்கள் திரும்ப எடுப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தவில்காரரிடம் ஒரு கண்ஜாடை ஒத்துக்கொண்டால் போதும். கணியான் கூத்து இருந்தால் மகுடக்காரர்களிடமும் அப்படியே. அவர்கள் சுடலைக்குச் செய்யும் சடங்கில் நமக்குப் பங்கு கிடையாது. எழுந்து ஒதுங்கி நில்லுங்கள்.

4. சாமி வரும் நேரம்தான் உங்கள் பாட்டுக்குச் சோதனை. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

வில்லுச் செட்டு சாமியைப் பார்த்து உட்காருவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் கேட்பவர் உள்ளே இருப்பவர். சனங்கள் அவருக்கு அடுத்தபடி. மேடைக் கச்சேரிக்குப் பழகிய பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி உட்காருகிறார்கள், செல்போனுக்கு முகம் காட்டுகிறார்கள். கொடையில் புலவர் கண் எப்போதும் பூசாரி மேலும் சாமியாடி மேலும் இருக்க வேண்டும்.

முத்தாரம்மன், சுடலை மாதிரி தெய்வப்பிறவியானால் பிறப்புப் பாடும்போது பெரும்பாலும் குலவை எழும். முத்துப்பட்டனைப் போல மனிதராக வாழ்ந்து வெட்டுப்பட்டுச் சாமியானவர் கதையில் படுகளம் வரும்போதுதான் பந்தல் முழுதும் நடுங்கும். அந்த இடம் வருவதற்கு முன்பே குடக்காரரும் உடுக்கைக்காரரும் தயாராக இருக்க வேண்டும். சாமியாடியின் தோள் குலுங்கத் தொடங்கினால் தாளம் தளரக் கூடாது, தாவவும் கூடாது. அவர் கால் எந்த நடையில் விழுகிறதோ அந்த நடையிலேயே உடுக்கையை அடியுங்கள். கதையின் அடுத்த அடியைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கத்திக்கொண்டிருக்காதீர்கள். மேளம் எடுத்துக்கொண்டால் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருங்கள். சாமி குறி சொல்லி, திருநீறு கொடுத்து, மலையேறிய பிறகு விட்ட இடத்திலிருந்து ஒரு வரி பின்னால் போய்த் தொடங்குங்கள். நீங்கள் ஒரு மாதம் பழகிய உருக்கமான இடத்தில் தீபாராதனை மணி அடித்துவிட்டால் அந்த இடம் போனது போனதுதான். அதற்காக முகத்தைத் தூக்காதீர்கள்.

இன்னொன்று. யாரையாவது ஆட வைக்க வேண்டும் என்றே வேகத்தை ஏற்றுகிற பழக்கம் சில செட்டுகளிடம் இருக்கிறது. கூட்டம் கைதட்டும், வீடியோவும் ஓடும். அது ஈனத்தொழில். வயசான சாமியாடி நாள் முழுதும் விரதமாக வெறும் வயிற்றோடு நிற்கிறார் என்பது நினைவில் இருக்கட்டும்.

5. மைக் இல்லாமல் பாடப் பழகுங்கள். 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை நீட்டிக்கலாம், அவ்வளவுதான். சாமக்கொடை நடக்கிற நேரமோ நடுராத்திரி. போலீஸ்காரர் வந்து மைக்கை அணைக்கச் சொன்னால் அவரோடு மல்லுக்கு நிற்பது உங்கள் வேலை இல்லை, கமிட்டி பார்த்துக்கொள்ளும். தொண்டை இருந்தால் பாட்டு நிற்காது. நான் வில்லில் உட்கார்ந்த காலத்தில் பல ஊர்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கும் தொண்டையும்தான் இருந்தன.

நேரம் குறைந்தால் எதை வெட்டுவது என்பதையும் முன்னமே முடிவு செய்யுங்கள். இரண்டு ராத்திரி பாடிய கதையை இப்போது மூன்று மணி நேரத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். நாட்டுவளத்தைச் சுருக்கலாம், அவையடக்கத்தை இரண்டு வரியில் சொல்லலாம், துணுக்கும் கேலியும் முழுதாகப் போனால்கூட நஷ்டமில்லை. காப்பு, பிறப்பு, சாமி அந்த ஊருக்கு வந்த கதை, வாழி ஆகிய இந்த நான்கிலும் கை வைக்காதீர்கள்.

6. சினிமாப் பாட்டுக் கேட்பார்கள். இளவட்டங்கள் துண்டுச்சீட்டில் எழுதி, நூறு ரூபாய் நோட்டும் சேர்த்து அனுப்புவார்கள். கரகாட்டம் நடக்கும்போது நையாண்டி மேளக்காரர் இரண்டு பாட்டு வாசித்தால் நான் குறை சொல்ல மாட்டேன், அது காலங்காலமாக உள்ளதுதான். சாமி கதைக்கு நடுவில் மட்டும் வேண்டாம். “வாழி முடிந்த பிறகு பாடுகிறோம் தம்பி” என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். வாழி முடியும்போது கேட்டவர் பெரும்பாலும் தூங்கியிருப்பார்.

வில் என்பது கோயிலைத் தாண்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கொத்தமங்கலம் சுப்பு காந்தி மகான் கதையை வில்லில் பாடினார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லைக் கையில் எடுத்து ஊர் ஊராகச் சீர்திருத்தம் பேசினார். சுப்பு ஆறுமுகம் அய்யா அதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டு 2021இல் பத்மஸ்ரீ வரை போனார். 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் மாதிரி விழாக்களில் இருபது நிமிஷம் கொடுப்பார்கள், அங்கே உங்கள் சாமர்த்தியம் முழுவதையும் காட்டுங்கள். அங்கே சனங்கள் உங்களைப் பார்க்க வந்திருக்கிறார்கள். கொடைக்கு வந்திருப்பவர்கள் தங்கள் சாமியைப் பார்க்க வந்தவர்கள்.

7. கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. இன்னொரு குடம் வைக்கோல் சுற்றிக் கையோடு இருக்கட்டும். வண்டியில் குடம் உடைந்து, ஊரில் தண்ணீர்ப்பானை கடன் வாங்கி வில் வைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆடிச் சாரலில் தென்காசிப் பக்கம் தோல் எல்லாம் தொய்ந்துவிடும். மகுடம், பறைக்காரர்கள் தீ மூட்டும் இடத்தைப் பந்தலிலிருந்து தள்ளிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மைக் செட்டுக்காரருக்கு முதல் டீ வாங்கிக் கொடுங்கள்.

8. மரியாதை இல்லாத இடத்தில் பாடாதீர்கள். பணிவு வேறு, குனிவு வேறு. இதுவரை சொன்னதெல்லாம் பணிவு. உங்கள் செட்டில் யாரோ ஒருவர் எந்தச் சாதி என்று கேட்டு அவருக்கு மட்டும் தனி இலை, தனி டம்ளர், திண்ணைக்குக் கீழே இடம் என்றால் மொத்தச் செட்டும் எழுந்து வர வேண்டும். பறையடிப்பவரைத் திட்டிக் கூப்பிட்டுவிட்டு அவர் அடிக்கு ஆடுகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அச்சாரப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு நாள் கூலிதான் போகும். பெண்பிள்ளைகளிடம் குடித்துவிட்டு வம்பு செய்கிறவனைக் கமிட்டி அடக்காவிட்டாலும் இதே முடிவுதான். குமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் சின்ன வயசிலேயே வில்லில் உட்கார்ந்து ஊர் ஊராகப் பாடினார். 2018இல் காலமாகும் வரைக்கும் அவருக்குப் பெரிய வசதி ஒன்றும் வரவில்லை. வில்லில் பெண்களுக்கு உள்ள இடம் அவர் மாதிரிப் பெண்கள் அன்றைக்கே பிடித்துக் கொடுத்தது. “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு வில்லு” என்று யாராவது கேட்டால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

9. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். 2007இல் அமைத்த வாரியம் அது. இளம் வயசில் அட்டை எதற்கு என்று தோன்றும். விபத்தும் பிள்ளைகள் படிப்பும் முதுமையும் எல்லோருக்கும் வரும்.

10. ஊரை விட்டுக் கிளம்புமுன் அந்த ஊர்க் கதையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நா. வானமாமலை போன்றவர்கள் தேடித் தொகுத்து அச்சிட்டதால்தான் முத்துப்பட்டன் கதை இன்று நூலகத்தில் கிடைக்கிறது. ஊர்ச் சாமி வந்த கதைகளில் பெரும்பாலானவை எந்த நூலகத்திலும் கிடையாது, ஒரு கிழவியின் நினைவில் இருக்கின்றன, அல்லது செல்லரித்த நோட்டில் பாதியாக இருக்கின்றன. இரண்டாவது விஷயத்தில் சொன்ன அந்த வயசானவர்களிடம் அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். ஊருக்குத் திரும்பியதும் உட்கார்ந்து எழுதுங்கள். ஒரு பிரதியை உங்கள் செட்டுக்கு வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தபாலில் பூசாரிக்கு அனுப்பிவிடுங்கள். இந்த ஆடியிலேயே தொடங்குங்கள், தம்பி. அடுத்த கொடைக்குப் போகும்போது அந்தக் கிழவி இருப்பார் என்று சொல்ல முடியாது.