பந்திக்கு முந்து, பந்தூக்குக்குப் பிந்து

எங்கள் வங்கிக் கிளைக் காசாளருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். சாமந்தி மாலை, சால்வை, லட்டு எல்லாம் உண்டு. கல்யாணத்தில் குடித்துவிட்டுத் துப்பாக்கியோடு ஆடியவரைத் தனியாளாகப் பாய்ந்து மடக்கினாராம். அதே கல்யாணத்தில் இருந்த எனக்குக் கிடைத்த பட்டம் வேறு: மதராசி ஓடிவிட்டான். ஆமாம், ஓடினேன். என் மகளையும் கைக்கு எட்டிய இன்னும் சில பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். நாளைக்கே இன்னொரு கல்யாணத்தில் இப்படி நடந்தாலும் ஓடுவேன். நீங்களும் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஊர் குவாலியர். பதவி உயர்வு வாங்கினால் வடக்கே தூக்கி அடிப்பார்கள் என்று தெரிந்தேதானே நாம் எல்லோரும் வாங்குகிறோம்? குவாலியர், பிண்டு, மொரேனா வட்டாரத்துக்கு மாற்றலாகிப் போனால் முதல் வாரத்திலேயே பார்ப்பீர்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தோளில், நம்மூரில் குடை தொங்குவதைப் போல, பந்தூக் தொங்கும். துப்பாக்கிக்கு அங்கே அதுதான் பெயர். அதற்கு உரிமம் வைத்திருப்பது குடும்ப கௌரவம். பக்கத்து சிவபுரி மாவட்டத்தில் 2008இல், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ளும் ஆண்களுக்குத் துப்பாக்கி உரிமம் சீக்கிரம் கிடைக்கும் என்று மாவட்ட நிர்வாகமே ஆசை காட்டியது. ஆண்களும் வந்தார்கள்! தேர்தல் வந்தால் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கல்யாண சீசனுக்கு அப்படி ஒரு உத்தரவு கிடையாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, கல்யாணத்திலோ கோவிலிலோ பொதுக் கூட்டத்திலோ பிறருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டமாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று தனி உட்பிரிவே சேர்த்தார்கள். 'ஹர்ஷ் ஃபயரிங் செய்யாதீர்கள்' என்ற போர்டு நாங்கள் போன மேரேஜ் கார்டன் வாசலிலும் இருந்தது. அந்தப் போர்டுக்கு நேர் கீழே நின்றுதான் மாப்பிள்ளையின் ஃபூஃபா சுட்டார்.

ஃபூஃபா என்றால் அத்தை புருஷன். வடக்கே கல்யாணத்துக்குக் கல்யாணம் முறுக்கிக்கொள்ளும் சம்பந்தி வகையறா இவர்தான். நடு ராத்திரியை நெருங்கும் நேரம், எலும்பைத் துளைக்கும் குளிர். பேண்டு வாத்தியம், ஜெனரேட்டர் வண்டி, தலையில் விளக்குத் தூக்கிய பையன்கள், குதிரைமேல் மாப்பிள்ளை என்று ஊர்வலம் வாசலுக்கு வந்துவிட்டது. ஃபூஃபா கார் டிக்கிக்கும் ஊர்வலத்துக்குமாக நடந்து நடந்து நன்றாக ஏற்றியிருந்தார். கையில் பன்னிரண்டு 'போர்' ரெட்டைக்குழல் துப்பாக்கி. வானத்தைப் பார்த்து ஒரு வெடி. கைதட்டல், விசில், பத்துப் பன்னிரண்டு செல்போன் உயர்ந்தது. அடுத்த வெடிக்குக் குழல் கொஞ்சம் தாழ்ந்தது. அடுத்ததற்கு இன்னும் தாழ்ந்தது. மறுபடி இரண்டு குழலிலும் தோட்டா நிரப்பிக்கொண்டார்.

எங்கள் வங்கிக் கன்மேன் என் பக்கத்தில் நின்றிருந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்; ஃபௌஜி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். "சார், ஆள் மூஞ்சியைப் பார்க்காதீங்க, குழல் வாயைப் பாருங்க" என்றார். அன்று கேட்டதிலேயே உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். போதையில் இருப்பவர் சிரிக்கிறாரா, முறைக்கிறாரா, அழுகிறாரா என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாத விஷயம். அவர் சிரித்துக்கொண்டே திரும்பினாலும் குழலும் கூடத் திரும்பும். அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்தில் நாம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அவருக்குப் பக்கவாட்டில் விலகி, முதுகுப் புறமாக, தூரமாகப் போய்விடுங்கள். ஷாமியானாவுக்குப் பின்னால் ஒளியாதீர்கள். துணி உங்களை மறைக்கும், ரவையைத் தடுக்காது. செங்கல் சுவர் தடுக்கும், லாரியின் எஞ்சின் பக்கம் தடுக்கும். மேலே பார்த்துச் சுட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேலே போனது கீழே வந்துதான் ஆக வேண்டும். அதுவும் .315 ரைஃபிள் குண்டு என்றால், அடுத்த தெரு மொட்டைமாடியில் தூங்குகிறவருக்கும் ஆபத்து.

பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டு நான் நேராக டிஜே பையனிடம் போனேன். பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. திடீரென்று நிறுத்தினால் 'எவன்டா நிறுத்தினது' என்று அடுத்த வம்பு ஆரம்பிக்கும். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, "சாப்பாடு திறந்தாச்சு, சாட் கவுண்டரில் சூடாக ஆலு டிக்கி போடுகிறார்கள்" என்று மைக்கில் சொல்ல வைத்தேன். வாசலில் நின்ற கூட்டத்தில் முக்கால்வாசி பந்தியை நோக்கித் திரும்பிவிட்டது. குடித்தவர் தனியாக இருக்கையில் சுடுவதில்லை. பார்க்க ஆள் இருக்கும்வரை சுடுவார். கைதட்டுகிறவர்களும் செல்போன் தூக்குகிறவர்களும் அவருக்கு இன்னொரு ரவுண்டு ஊற்றிக் கொடுக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஊற்றுவதை நிறுத்துங்கள். நான் நிறுத்தினேன். இதற்குப் பெயர்தான் ஓடியது.

காவல்துறைக்குப் போன் செய்வது தனி வேலை. 112 அல்லது 100. மண்டபத்தின் பெயர், எந்த வாசல், என்ன துப்பாக்கி, ஆள் என்ன உடுத்தியிருக்கிறார், யாருக்காவது அடி பட்டிருக்கிறதா, இவ்வளவு சொன்னால் போதும். அவர் காதில் விழும்படி 'போலீஸ் வருது' என்று கத்தாதீர்கள். நான் சமையல்கட்டுக்குப் பின்னால் போய்த்தான் பேசினேன்.

இதற்குள் ஃபௌஜி மாப்பிள்ளையின் தம்பியை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு யோசனை சொல்லியிருந்தார். காலில் விழுந்தால் வாழ்த்தித்தான் ஆக வேண்டும், வாழ்த்த வேண்டுமானால் வலது கையைத் தலையில் வைக்க வேண்டும், அந்தக் கையில் துப்பாக்கி இருக்க முடியாது. அவராகவே அதை எங்காவது சாய்த்து வைப்பார். யாரும் எதையும் பிடுங்க வேண்டாம். 'மாப்பிள்ளை ஆசீர்வாதம் வாங்கக் காத்திருக்கிறார்' என்று சொல்லிக்கொண்டே தம்பி பக்கவாட்டிலிருந்து, கை இரண்டும் தெரியும்படி, மெதுவாக நெருங்கினான். ஃபூஃபா முகம் மலர்ந்தது. குழல் தரையைப் பார்க்க ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் எங்கள் காசாளர் கூட்டத்திலிருந்து பாய்ந்து குழலைப் பிடித்து இழுத்தார்.

இதை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். குடித்தவரின் விரல் விசைமேல் கிடக்கிறது. நீங்கள் குழலை உங்கள் பக்கம் இழுக்கிறீர்கள். அவர் விடமாட்டார். பிடுங்கினால் யாருமே விடமாட்டார்கள், கை தானாக இறுகும். துப்பாக்கி முன்னால் வருகிறது, விரல் அங்கேயே நிற்கிறது. விசையை அவரே அழுத்தியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சுட வேண்டும் என்று அவர் நினைத்திருக்கக்கூட வேண்டியதில்லை. வெடித்தது. ரவை சிமெண்டுத் தரையில் பட்டுத் தெறித்து, விளக்குத் தூக்கி நின்ற பையனின் கெண்டைக்காலில் ஏறியது. விளக்கு விழுந்து நொறுங்கியது. குதிரை மிரண்டு, மாப்பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.

காசாளரோ இன்னும் குழலை விடவில்லை. ரெட்டைக்குழலில் ஒன்று வெடித்தால் இன்னொன்று பாக்கி இருக்கிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை. ஃபௌஜிதான் கடைசியில் இரண்டு பேர் கைக்கும் கீழே தன் கையைக் கொடுத்துக் குழலை மண்ணைப் பார்க்க அழுத்தினார். அப்படியே பிடித்துக்கொண்டு, "ஃபூஃபாஜி, நல்லாயிருக்கீங்களா, அடி ஒண்ணும் இல்லையே" என்று விசாரித்தார். திட்டவில்லை, அதட்டவில்லை. ஃபூஃபாவின் பிடி தானாகத் தளர்ந்தது. ஃபௌஜி மேலே இருந்த நெம்புகோலைத் தள்ளியதும் துப்பாக்கி நடுவில் மடிந்தது. ஒரு குழலில் வெறும் கூடு, புகை நாற்றத்தோடு. இன்னொன்றில் பித்தளை அடிப்பாகம் மின்னும் சிவப்புத் தோட்டா, முழுசாக. அதை எடுத்துத் தன் ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டார். இது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. உங்களுக்குத் தெரியாதென்றால், கீழே கிடக்கும் துப்பாக்கியைக்கூடத் தொடாதீர்கள். போலீஸ் வரும்வரை யாரையும் அருகே விடாமல் நில்லுங்கள், போதும்.

பையனின் காலைச் சால்வையால் அழுத்திக் கட்டினோம். ரவையை நோண்டி எடுக்க ஒருவர் ஸ்பூனோடு வந்தார்; விரட்டினேன். முதலில் போன தனியார் மருத்துவமனையில் 'போலீஸ் கேஸ், முதலில் ஸ்டேஷன் போங்க' என்றார்கள். அவசர சிகிச்சைக்குப் போலீஸ் வரும்வரை காக்க வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது என்று சத்தம் போட்ட பிறகுதான் ஸ்ட்ரெச்சர் வந்தது. நீங்களும் போடுங்கள்.

சுட்டவர் வீட்டார் மறுநாளே சமாதானத்துக்கு வந்தார்கள். கல்யாண வீட்டுச் சமாச்சாரம், பையனுக்கு வைத்தியச் செலவு கொடுத்துவிடுகிறோம், போலீஸில் போய் ஏன் சார் என்றார்கள். விளக்குத் தூக்கி ராத்திரிக் கூலி வாங்குகிற பையன் என்ன சொல்ல முடியும்? நான் வாக்குமூலம் கொடுத்தேன். ஃபௌஜியும் கொடுத்தார். படம் பிடித்தவர்களில் ஒருவர்கூட வீடியோ தரவில்லை. எல்லார் போனும் ஒரே ராத்திரியில் ரிப்பேர். காசாளர் குழலைப் பிடித்து இழுக்கிற இடத்தை மட்டும் வெட்டி யாரோ அனுப்பிவிட்டார்கள். வெடிக்கிற இடம் அதில் இல்லை. பாராட்டு விழாவுக்குக் காரணமே அந்தத் துண்டுதான்.

நீங்கள் அப்படி ஓர் இடத்தில் இருந்து, பாதுகாப்பான தூரத்திலிருந்து ஏதாவது பதிவாகியிருந்தால், வாட்ஸப்பில் சுற்றவிடாமல் முழுசாக விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். சாட்சி சொல்லக் கேட்டால், காசாளரைக் கேளுங்கள் என்று கிளையில் எல்லோரும் நழுவிக்கொண்டார்கள். நான் இப்போது மதுரைக்கு வந்துவிட்டேன். போன வாரம் சாட்சி சம்மன் வந்திருக்கிறது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. சாட்சிப் படி கேட்டால் நீதிமன்றத்தில் கொடுப்பார்கள், அதையும் விடப்போவதில்லை.