உரிமையாளர் இல்லாத நிலம் உண்டா?

தைப்பிங் ஏரிப் பூங்காவைக் கண்டு களிக்காதவர் நம்முள் எவருமிலர். மழைமரங்கள் நிழல் பரப்பும் அவ்விடம், முன்னாளில் ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட லம்பமாகக் கிடந்தது. 1880 ஆம் ஆண்டில் அது பொதுப்பூங்காவாக உருப்பெற்றது. வெறுமனே கிடக்கும் நிலத்தைக் காணும்போது, "இது யாருக்கும் சொந்தமில்லை, நாம் எடுத்துக்கொண்டால் என்ன?" என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அது சரியா என்பதை ஆராய்வோம்.

முதலில் நாடுகளைப் பார்ப்போம். எந்த நாடும் உரிமை கோராத நிலம் உலகில் மிக அரிது. எகிப்துக்கும் சூடானுக்கும் இடையேயுள்ள பீர் தாவில் என்னும் பாலைநிலம் அத்தகையது. அதனை ஏற்றால், அதனினும் சிறந்த ஹலாயிப் பகுதியின் மீதுள்ள உரிமையை இழக்க நேரும் என்பதால் இரு நாடுகளும் அதனை ஒதுக்கிவிட்டன.

சிப்பாடான், லிகித்தான் தீவுகளுக்கு மலேசியாவும் இந்தோனேசியாவும் உரிமை கோரின. 2002 ஆம் ஆண்டு அனைத்துலக நீதிமன்றம் அவை மலேசியாவுக்கே உரியவை எனத் தீர்ப்பளித்தது. ஆமை முட்டை சேகரிப்பை முறைப்படுத்தியதும், பறவைகளுக்குக் காப்பிடம் வகுத்ததும், கலங்கரை விளக்குகளைப் பேணியதும் சான்றுகளாயின. பத்து பூத்தே தீவின் கதையோ வேறு. அது முன்பு ஜொகூருக்குரியது. ஆயினும், தான் அதற்கு உரிமை கோரவில்லை என 1953 இல் ஜொகூர் அரசு கடிதம் எழுதியது. அக்கடிதமும் பின்னர் இரு தரப்பாரும் நடந்துகொண்ட முறையும் கருதப்பட்டு, 2008 இல் அத்தீவு சிங்கப்பூருக்குரியதென முடிவாயிற்று. பேணுவோர் பெறுவர், வாளாவிருப்போர் இழப்பர்.

ஆனால், தனி மனிதருக்கு இவ்விதி பொருந்தாது. 1965 ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி, தீபகற்ப மலேசியாவில் எவர் பெயரிலும் பதிவாகாத நிலம் மாநில அரசுக்குரியது. அதில் எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் அக்குடியிருப்பினால் உரிமை பிறவாது என 48 ஆம் பிரிவு கூறுகிறது. தோட்ட நிலமும் அவ்வாறே: மூன்று தலைமுறை லயத்து வீட்டில் வாழ்ந்தாலும், பட்டாவில் பெயருடையவரே உரிமையாளர்.

இதனை நம் முன்னோர் துயரத்தின் வாயிலாகவே கற்றனர். 1950, 1960 ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, காட்டை அழித்துப் பால்மரம் நட்ட கைகள் வெறுங்கைகளாக வெளியேறின. அந்நிலை மாற, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதந்தோறும் பத்து வெள்ளி சேர்த்தனர். அப்பணத்தால் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. கூலியாக நின்ற மண்ணில் பங்காளியாக நிற்கும் வழி அவ்வாறு பிறந்தது.

மாணவச் செல்வங்களே! நாம் குடியிருக்கும் வீடும், வழிபடும் கோயிலும், பயிலும் பள்ளியும் யார் பெயரிலுள்ள நிலத்தில் நிற்கின்றன? இன்றே பெற்றோரிடம் கேளுங்கள். அவர்கள் அறியாராயின், அவர்களுடன் நில அலுவலகத்திற்குச் சென்று அங்குள்ள பதிவைப் படித்துக் காட்டுங்கள். வியர்வை மண்ணை வளமாக்கும். அம்மண்ணை நமதாக்குவது பட்டாவில் எழுதப்பட்ட பெயரே. அதனைப் படித்தறியவும் நம் கல்வி பயன்படுக!