புதுப் படகைப் பழகுவோம்



சென்ற ஆண்டு நமது பைத்துல்மாலிலிருந்து கர்ழன் ஹஸனாவாகக் கடன் பெற்று, வளைகுடாவிலிருந்து திரும்பிய மூன்று இளைஞர்கள் கூட்டாக ஒரு பைபர் படகு வாங்கினார்கள். பின்னால் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்பி ஓட்டும் நம் ஊர்ப் படகு அல்ல அது. நடுவில் ஒரு சிறு மேடை, அதில் சுக்கான் சக்கரம், நின்றபடி ஓட்டலாம், சுற்றிலும் நடந்து வலையோ தூண்டிலோ போடலாம். மூவரில் ஒருவர் பஹ்ரைனில் இதே மாதிரிப் படகில் ஏழு ஆண்டு வேலை பார்த்தவர். தெரிந்த தொழில்தானே என்று நாங்களும் கையெழுத்துப் போட்டோம்.

இரண்டாம் நாளே விபத்து. கரையில் நின்ற படகில் சேர்ந்த மழைநீரை வடிய விடுவதற்காக, பின்புற அடியிலுள்ள துளையின் அடைப்பானைக் கழற்றியிருந்தார்கள். மறுநாள் அதை மாட்ட மறந்து கடலில் இறக்கிவிட்டார்கள். மேல்தளம் உலர்ந்தே இருந்ததால் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. அடிவயிற்றில் தண்ணீர் ஏறி, பின்பக்கம் கனத்த பிறகுதான் புரிந்தது. அவசரமாகத் திரும்பியபோது முகத்துவாரத்தில் ஒரு திரை பின்னாலிருந்து தூக்கி, இருவரைக் கடலில் தள்ளியது. அவர்களில் ஒருவருக்கு நீச்சல் தெரியாது. அருகில் வந்த படகுக்காரர்கள் இழுத்துக் காப்பாற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இதில் எங்கள் தவறையும் சொல்லியாக வேண்டும். படகுக்குப் பணம் கொடுத்தோம், இன்ஜினுக்குக் கொடுத்தோம். மூன்று உயிர்காப்பு உடுப்புகள் இருக்கின்றனவா என்று கேட்கவில்லை. யாரிடம் பழகினீர்கள் என்றும் கேட்கவில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யவே இந்தப் பாடத்தை எழுதுகிறோம். கடலுக்குப் போகாத குடும்பங்களும் படிக்கலாம். புது ஆட்டோவோ புது இயந்திரமோ வாங்குகிறவருக்கும் இதில் சேதி உண்டு.

1. கரைக்கு ஏற்ற படகு

நம் புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தது சலங்கு என்ற படகு. பிரெஞ்சுக்காரரும் அந்தப் பெயரைத்தான் தங்கள் வாயில் வந்தபடி சொன்னார்கள். அதில் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். திரை மோதும்போது பலகை நெளிந்து கொடுக்கும், உடையாது. கட்டுமரமும் அப்படித்தான். தண்ணீர் மேலே ஏறினாலும் மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடும், கட்டை மூழ்காது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு உதவி நிறுவனங்கள் பைபர் படகுகளை ஏராளமாகக் கொடுத்தன. கட்டுமரம் குறைந்தது. பைபர் படகு இலேசானது, வேகமானது, மரம்போல மக்காது. ஆனால் அது நெளியாது, உள்ளே வந்த தண்ணீர் தானாக வெளியேறாது. நுரை அடைத்த மிதவை அறைகள் சரியாக இல்லாத படகு, நீர் நிறைந்தால் மூழ்கும். வளைகுடாவில் பெரும்பாலும் அலைதடுப்புச் சுவருக்குள் இருக்கும் அமைதியான துறையிலிருந்து புறப்படுவார்கள். இங்கே திரையைக் கடந்தால்தான் கடல். பஹ்ரைனில் கற்ற ஓட்டம் பொய்யல்ல, அது பஹ்ரைன் கரைக்கான ஓட்டம். அந்த வித்தியாசத்தைத்தான் நம் இளைஞரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

2. படகின் உடலை அறிதல்

புதுப் படகைத் தண்ணீரில் இறக்கும் முன் ஒரு நாள் முழுக்கக் கரையிலேயே அதோடு இருங்கள். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை கையால் தடவிப் பாருங்கள்.

மேல்தளம்: இவ்வகைப் படகில் தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும். அலை அடித்து ஏறும் நீர், பின்பக்கத் துளைகள் வழியே ஓடிவிடும். வலைத் துண்டோ மீன் செதிலோ அந்தத் துளையை அடைக்கக் கூடாது.

அடிவயிறு: தளத்துக்குக் கீழே உள்ள வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே சேரும் நீரை இறைக்க மின்பம்பு இருக்கும். பேட்டரி தீர்ந்தால் பம்பும் நிற்கும். ஆகவே ஒரு வாளி கட்டாயம். அடைப்பானை ஒரு கயிற்றில் கட்டி இன்ஜின் சாவியோடு மாட்டிவையுங்கள். சாவி கையில் வரும்போது அதுவும் கண்ணில் படும்.

நிறுத்துக் கயிறு: ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ இடுப்பிலோ மாட்டும் சுருள் கயிறு இது. அவர் தவறி விழுந்தால் கயிறு கழன்று இன்ஜின் நின்றுவிடும். தொல்லை என்று நினைத்துக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. விழுந்தவர் மேல் ஆளில்லாப் படகு சுற்றி வந்தால் இன்ஜின் விசிறி அவரை வெட்டும்.

பாரம்: மேடை நடுவில் இருப்பதால் ஆட்கள் இருபுறமும் நிற்க இடமுண்டு. அதுவே ஆபத்து. மீன் சிக்கியது என்று எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் படகு சாயும். வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய்க் கேன் எல்லாம் தாழ்வாகவும் நடுவிலும் இருக்கட்டும்.

3. முதல் பத்து மணி நேரம்

புது இன்ஜினை முதல் நாளே முழு வேகத்தில் விரட்டக் கூடாது. சுமார் பத்து மணி நேரம் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பழக்க வேண்டும். எண்ணெய் மாற்றும் கணக்கை இன்ஜினோடு வரும் கையேடு சொல்லும். ஆங்கிலத்தில் இருந்தால் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள், படித்துச் சொல்கிறோம்.

ஓடும்போது இன்ஜினிலிருந்து மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சும். உள்ளே குளிர்விக்கும் நீர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆழமில்லாத இடத்தில் மணல் போய் அடைத்தால் தாரை மெலியும். உடனே நிறுத்திப் பாருங்கள். கரை வந்ததும் நல்ல தண்ணீரில் இன்ஜினைக் கழுவி ஓட்டுங்கள். உப்பு உள்ளே தங்கினால் இன்ஜினை மெல்ல மெல்லத் தின்றுவிடும்.

இந்தப் பத்து மணி நேரமும் வலை வேண்டாம், ஐஸ் வேண்டாம். வெறும் படகோடு திரும்பும் வட்டம் எவ்வளவு, நிறுத்தினால் எவ்வளவு தூரம் ஓடும், பின்னோக்கி ஓட்டினால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று பாருங்கள். பிறகு பாரம் ஏற்றி அதையே மறுபடி செய்யுங்கள். அது வேறொரு படகு போலவே இருக்கும்.

4. திரையும் முகத்துவாரமும்

தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் மணல் சேர்வது நாம் அறிந்ததே. நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று மேடாகலாம். விபத்துக்குப் பிறகு வம்பாகீரப்பாளையத்துப் பெரியவர் ஒருவரிடம் நம் இளைஞர்களை அழைத்துப் போனோம். அவர் இன்ஜினைத் தொடவே விடவில்லை. அரை மணி நேரம் கரையில் நிற்க வைத்தார். “மொதல்ல திரைய எண்ணுங்கடா தம்பி. பெருசு ஓஞ்ச பொறவுதான் ஓட்டம்” என்றார். பெரிய திரைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும். அந்த ஓய்வில்தான் கடக்க வேண்டும்.

வெளியே போகும்போது அணியம் திரைக்கு நேராக இருக்கட்டும், பக்கவாட்டில் காட்டாதீர்கள். உள்ளே வரும்போது ஒரு திரையின் முதுகில் ஏறி, அதன் வேகத்திலேயே வாருங்கள். அதை முந்தினால் அணியம் பள்ளத்தில் குத்தி, படகு குறுக்கே திரும்பிக் கவிழும். பின்தங்கினால் அடுத்த திரை பின்பக்கம் ஏறும். நம் இளைஞர்களுக்கு நேர்ந்தது இதுதான். வயிற்றில் தண்ணீர் சுமந்த படகால் திரையோடு ஓட முடியவில்லை.

நங்கூரத்தை எப்போதும் அணியத்திலிருந்தே போடுங்கள். பின்பக்கத்தில் இன்ஜின் எடை இருக்கிறது, அங்கே கட்டினால் அலை உள்ளே ஏறும். கயிறு, ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது வேண்டும்.

5. புறப்படும் முன்

எண்ணெயை மூன்று பங்காக்குங்கள். போக ஒன்று, வர ஒன்று, எதிர்பாராததற்கு ஒன்று. துடுப்பு, டார்ச், விசில், குடிநீர், மாற்று ஸ்பார்க் பிளக் இருக்கட்டும். தகவல் கருவி இருந்தால் அவசர அழைப்புக்கு வி.எச்.எப். 16ஆம் அலைவரிசை. கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554. இதை வீட்டுச் சுவரிலும் எழுதிவையுங்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது மனைவிக்கும் தாய்க்கும் நாம் செய்யவேண்டிய கடமை.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் எண்ணைக் கேட்டறியுங்கள். 1, 2 தூரப் புயலுக்கு, 3, 4 உள்ளூர் எச்சரிக்கைக்கு, 5 முதல் 10 வரை ஆபத்து, 11 என்றால் தகவல் தொடர்பே அற்றது. 2011 டிசம்பர் 30இல் தானே புயலையும், 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயலையும் கண்ட நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசக் கூடாது என்று மத்ரஸாவில் சிறுவயதிலேயே படித்தோம். உயிர்காப்பு உடுப்பின் பட்டையை இறுக்குவதும் அந்த ஒட்டகத்தைக் கட்டுவதுதான்.

6. கடனும் பங்கும்

மூவர் கூட்டில் இன்னொரு சிக்கலும் எழுந்தது. பழுது பார்த்த செலவு யாருடையது? அடைப்பானை மறந்தவர் ஒருவர், பங்கு மூவருக்கு. எழுத்தில் எதுவும் இல்லை. நண்பர்கள் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனமே கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. அதை ஓதிக்கொண்டே எழுதாமல் விட்டோம். இப்போது படகுப் பங்கு, இன்ஜின் பங்கு, உழைப்புப் பங்கு, பழுதுச் செலவு எல்லாம் இரு சாட்சிகளோடு எழுதப்பட்டுவிட்டன. அவர்கள் மீண்டும் கடலுக்குப் போகிறார்கள். தவணையும் வருகிறது.

இனி படகுக்குக் கடன் கேட்பவருக்கு நமது நிபந்தனைகள் மூன்று. ஆளுக்கொரு உயிர்காப்பு உடுப்புக்கான தொகை கடனோடு சேரும். அனுபவமுள்ள உள்ளூர் மீனவருடன் பத்து நாள் பழகியிருக்க வேண்டும். கூட்டு என்றால் ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும்.

வீட்டில் பேசிப் பார்க்க:

அ. நம் வீட்டில் கடலுக்கோ தூரப் பயணத்துக்கோ போகிறவர் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போகிறாரா? நேரம் தவறினால் யாரை அழைப்பது என்று தெரியுமா?

ஆ. நம் தொழிலில், எல்லோரும் மறக்கக்கூடிய அந்த ‘அடைப்பான்’ எது?

இ. வாய்மொழியாகவே நிற்கும் கொடுக்கல் வாங்கல் நம்மிடம் எத்தனை? இந்த வாரம் எதை எழுதலாம்?

கடலில் உழைக்கும் நம் பிள்ளைகளையும், அன்று கை நீட்டிக் காப்பாற்றிய மீனவச் சகோதரர்களையும் அல்லாஹ் பத்திரமாகக் கரை சேர்ப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.